திரித்துவத்தை விளக்கப் புறப்படுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவரும் ஒரே தேவன் என்ற உபதேசமே திரித்துவம். பெந்தெகொஸ்தே திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, திரித்துவ ஞாயிறாக ஆசரிக்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் பிரசங்க மேடையை எளிதில் விட்டுக்கொடுக்காத மூத்த ஆயர்கள்கூட, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பெருந்தன்மையோடு இளையவர்களிடம் ஒப்படைத்துவிடுவதைப் பல சபைகளில் பார்த்திருக்கிறேன். திடப்படுத்தல் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் புதிதாக மேடை ஏறுகிறவர்களுக்கும் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் இருப்பதால், அவர்களுடைய குறிப்புகள் முன்கூட்டியே என் கைக்கு வந்து சேர்கின்றன. தொடக்க காலத்தில் நான் எழுதிவைத்திருந்த அதே வாக்கியங்களை, அதே உதாரணங்களோடு, இன்னொருவருடைய கையெழுத்தில் வாசிக்க நேரும்போது இதையெல்லாம் ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

கிறிஸ்தவர்கள் மூன்று கடவுளரை வணங்குகிறார்கள் என்று யாரும் குறிப்பெழுதிக்கொண்டு வருவதில்லை. ஆகவே அப்படிப்பட்ட வெளிப்படையான பிழைகளைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை.

எண்ணிலிருந்து தொடங்குவது

ஒன்றையும் ஒன்றையும் ஒன்றையும் பெருக்கினால் ஒன்றுதான் வரும் என்று கரும்பலகையில் எழுதிக்காட்டாதீர்கள். அது கணக்கு வகுப்பு.

ஒருவரே மூன்று வேடங்களில் வருகிறார் என்பது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். இது இரண்டு உருவங்களில் வரும். ஒரே மனிதர் தம் பிள்ளைக்குத் தகப்பன், தம் தாய்க்கு மகன், அலுவலகத்தில் மேலாளர் என்பது ஒன்று. ஒரே தண்ணீர் பனிக்கட்டியாகவும் நீராகவும் நீராவியாகவும் இருக்கிறது என்பது மற்றொன்று. கேட்கும் பிள்ளைகளுடைய முகம் உடனே மலர்ந்துவிடுவதால், தாம் நன்றாக விளக்கிவிட்டதாக ஆசிரியர் நம்பிவிடுகிறார். பிள்ளைகளுக்கு ஒன்று புரிந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் புரிந்தது திரித்துவம் அன்று. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரிச் சபை விலக்கிவைத்த சபெல்லியுவின் உபதேசம்.

விடுமுறை வேதாகமப் பள்ளி ஒன்றில் ஓர் இளம் ஆசிரியை, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரும், கிண்ணத்தில் ஐஸ் கட்டிகளும், பிளாஸ்கில் கொதிநீரும் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்து, பிளாஸ்கின் மூடியைத் திறந்து ஆவி எழும்பும்படி காட்டினார். வகுப்பு கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் மட்டும், "அக்கா, இயேசு ஞானஸ்நானம் எடுத்தப்போ மேலேயிருந்து பேசினது யாரு?" என்று கேட்டான். முந்தின நாள் அவர்களுக்கு நடத்தப்பட்ட பாடம் மத்தேயு 3-ஆம் அதிகாரம். குமாரன் யோர்தானின் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார். ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார். "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் உண்டாகிறது. மூவரும் ஒரே வேளையில், ஒருவரையொருவர் நோக்கியவர்களாக அங்கே இருக்கிறார்கள். டம்ளரில் உள்ள தண்ணீர் உறைந்தால் தண்ணீராக இராது. அந்தச் சிறுவனுடைய கேள்விக்கு மேசையின்மேல் இருந்த எந்தப் பாத்திரத்திலும் பதில் இல்லை.

பொறியியல் படித்த ஒரு பயிற்சியாளர் இதைக் கேட்டுவிட்டு, 0.01 டிகிரி செல்சியஸில், மிகக் குறைந்த அழுத்தத்தில், தண்ணீர் மூன்று நிலைகளிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எடுத்துச்சொன்னார். அறிவியல் சரியே. ஆனால் அப்போதும் பாத்திரத்தில் உள்ள நீரின் ஒரு பங்கு பனியாகவும், ஒரு பங்கு திரவமாகவும், எஞ்சியது ஆவியாகவும் இருக்கிறது. பிதா தேவனில் மூன்றில் ஒரு பங்கு என்று எந்தச் சபையும் அறிக்கையிட்டதில்லை. ஓர் உவமையைக் காப்பாற்றப் போய் இன்னொரு பிழையில் விழுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது.

இதில் என்ன பெரிய நஷ்டம், பிள்ளைகள் வளர்ந்ததும் தாமே தெளிந்துகொள்வார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அவர்கள் தெளிந்துகொள்வதில்லை. வீட்டு ஜெபக்கூட்டங்களில் சற்றுக் கூர்ந்து கேட்டுப்பாருங்கள். "அன்புள்ள பிதாவே" என்று தொடங்கி, "எங்களுக்காகச் சிலுவையில் இரத்தம் சிந்தி மரித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஜெபம் தொடரும். கூடியிருப்பவர்கள் அனைவரும் ஆமென் சொல்வார்கள். சிலுவையில் மரித்தவர் பிதா அல்லர் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைப்பதில்லை. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், ஏறத்தாழ 213-இல் பிரக்சேயா என்பவருக்கு எதிராக எழுதியபோது, அந்த மனிதர் ரோமாபுரியில் தேற்றரவாளனாகிய ஆவியானவரைத் துரத்திவிட்டுப் பிதாவைச் சிலுவையில் அறைந்துவிட்டார் என்று சாடினார். அந்த வரியின் கடுமை, வீட்டு ஜெபங்களை நெடுநாள் கேட்ட பிறகுதான் எனக்கு நியாயமாகத் தோன்றியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பிழை அவிசுவாசத்திலிருந்து பிறப்பதில்லை. பெரும்பாலும் பக்தியிலிருந்தே பிறக்கிறது. சிமிர்னா ஊரைச் சேர்ந்த நோவேத்து, கிறிஸ்துவே பிதா என்று போதித்ததற்காக மூப்பர்களால் விசாரிக்கப்பட்டபோது, கிறிஸ்துவை மகிமைப்படுத்துவதில் நான் என்ன தீங்கு செய்துவிட்டேன் என்று கேட்டாராம். இயேசுவை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டே, அவர் யாரை நோக்கி ஜெபித்தாரோ அந்தப் பிதாவையே நோவேத்து கதையிலிருந்து எடுத்துவிட்டார். அதன்பின், இயேசு சிலுவைக்கு முந்தின இரவில் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் எஞ்சுவது என்ன? "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்பது ஒருவர் தமக்குத் தாமே பேசிக்கொண்ட வசனமாகிவிடும். தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று பவுல் எழுதுவதும் பொருளற்றுப்போகும். தமக்கும் பிறருக்கும் நடுவே நிற்கத் தம்மையே ஒருவர் அனுப்பிக்கொள்வதில் மத்தியஸ்தம் எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு யோவான் 17-இல் இருக்கிறது. "உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தபடியினால்" என்று குமாரன் பிதாவிடம் சொல்கிறார். உலகம் தோன்றுமுன்பே அன்புகூருகிறவரும் அன்புகூரப்படுகிறவரும் இருந்தார்கள் என்பதால்தான் தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று சபை துணிந்து சொல்கிறது. மூன்று வேடங்களுக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே இருந்தாரானால், அன்புகூர அவர் படைப்பு உண்டாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

நடைமுறையிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நடந்த ஒரு பெந்தெகொஸ்தே முகாமிலிருந்து கிளைத்த ஒருமைக் கொள்கை, பிதா குமாரன் ஆவி என்பவை ஒருவருடைய வெளிப்பாடுகளே என்றும், இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றும் போதிக்கிறது. 1916-இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் அமைப்பு திரித்துவ அறிக்கையை ஏற்றபோது அந்தக் கொள்கையினர் பிரிந்துபோனார்கள். அவர்கள் தங்கள் நிலைப்பாட்டை அறிந்தே கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஏசாயா 9:6-இல் வரும் "நித்திய பிதா" என்பதையும், "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்பதையும் காட்டிப் பேசும்போது, பனிக்கட்டி உதாரணத்தோடு வளர்ந்த நம் வாலிபர்களால் ஒரு மறுப்பும் சொல்ல முடிவதில்லை. மறுக்க என்ன இருக்கிறது? ஓய்வுநாள் பாடசாலையில் நாம் சொல்லிக்கொடுத்ததைத்தானே அவர்களும் சொல்கிறார்கள்.

அப்படியானால் எந்த உவமையைச் சொல்வது என்று உடனே கேட்பார்கள். நசியான்சு கிரகோரியார் 380-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆற்றிய பேருரைகளில் ஒன்றில், ஊற்றும் ஓடையும் ஆறும், சூரியனும் கதிரும் ஒளியும் என்று ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப்பார்த்துவிட்டு, இவ்வுலகத்தில் பொருத்தமான ஒன்றையும் காணவில்லை, உவமைகளை விட்டுவிடுவதே மேல் என்ற முடிவுக்கு வருகிறார். கிழக்கத்தியச் சபை 'இறையியலாளர்' என்றே பட்டம் கொடுத்து அழைக்கும் ஒருவர் கைவிட்டதை, ஒரு பிளாஸ்கைக் கொண்டு நாம் சாதிக்க வேண்டியதில்லை. யோர்தான் நிகழ்ச்சியை வாசியுங்கள், கெத்செமனேயை வாசியுங்கள், பிதா குமாரன் அல்லர், குமாரன் ஆவியானவர் அல்லர், மூவரும் முழுமையாக ஒரே தேவன் என்று சொல்லுங்கள், பிறகு பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குக் காத்திருங்கள். உவமை இல்லாவிட்டால் வகுப்பு சற்று அமைதியாக இருக்கும். இருக்கட்டும்.

மகன் என்பதால் பிந்தியவர் என்று நினைப்பது

நம் வீடுகளில் தகப்பனுக்கு வயது அதிகம் என்பதால், பிதாவுக்குப் பின்புதான் குமாரன் வந்திருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் தாமாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். அலெக்சாந்திரியாவின் மூப்பரான ஆரியு நான்காம் நூற்றாண்டில் இதையே கொள்கையாக வகுத்து, குமாரன் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றும், அவர் படைப்புகளுள் தலையாயவர் என்றும் போதித்தார்; மாலுமிகளும் மாவரைக்கிறவர்களும் பாடும்படி அதைப் பாட்டாகவும் கட்டிவிட்டார் என்று பழைய சரித்திரக் குறிப்புகள் சொல்கின்றன. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரன் ஜெநிப்பிக்கப்பட்டவர், சிருஷ்டிக்கப்பட்டவர் அல்லர், பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டதற்கு இதுவே காரணம். ஆரியுவை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் வைத்த வாதம் வகுப்பில் எடுத்துச்சொல்லத் தகுந்தது. குமாரன் இல்லாத ஒரு நிலை இருந்திருந்தால், அப்போது தேவன் பிதாவாக இருந்திருக்க முடியாது. பிற்பாடு பிதாவாக மாறினார் என்றாகிவிடும். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற வசனத்தை யாராவது எடுத்துக்காட்டினால், மனித உருவெடுத்துத் தம்மைத் தாழ்த்தினவர் அந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்று விளக்குவது சபையில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு வழி.

வேலைப் பங்கீடு

பிதா படைத்தார், குமாரன் மீட்டார், ஆவியானவர் பரிசுத்தமாக்குகிறார் என்று அட்டவணை போட்டு முடித்துவிடாதீர்கள். படைப்பிலேயே வார்த்தையானவராகிய குமாரனும் ஜலத்தின்மேல் அசைவாடின ஆவியானவரும் இருக்கிறார்கள். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மும்மூர்த்தி வரிசையோடு இதை ஒப்பிடுவது இரண்டு மரபுகளுக்கும் அநியாயம்.

பரிசுத்த ஆவியை வெறும் வல்லமையாக்குவது

அக்கினி, அபிஷேகம், வல்லமை என்ற சொற்களாலேயே ஆவியானவரைப் பற்றிப் பேசிப் பழகிய சபைகளில், அவர் ஒருவர் என்பதே மெல்ல மறந்துபோய், நிரப்பிக்கொள்ள வேண்டிய ஏதோ ஒரு பொருளைப்போல அவரை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் அவர், "பர்னபாவையும் சவுலையும் நான் அழைத்த ஊழியத்துக்காக அவர்களைப் பிரித்துவிடுங்கள்" என்று தம்மை 'நான்' என்று சொல்லிப் பேசுகிறார். அனனியா அவரிடத்தில் பொய் சொன்னபோது, நீ தேவனிடத்தில் பொய் சொன்னாய் என்கிறான் பேதுரு. அவரைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்று எபேசியருக்கு எழுதப்பட்டிருக்கிறது; ஒரு சக்தியைத் துக்கப்படுத்த முடியாது. நிசேயாவின் அறிக்கை பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறோம் என்பதோடு நின்றுவிட்டது என்பதையும், பிதாவோடும் குமாரனோடும் கூட அவர் தொழப்படுகிறார் என்பது 381-ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தின் அறிக்கையில்தான் சேர்ந்தது என்பதையும் ஆசிரியர்களாவது அறிந்திருக்க வேண்டும்.

1 யோவான் 5:7-ஐ நம்பி இறங்குவது

"பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே" என்ற வசனம் நம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் இருக்கிறது. பிந்திய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடத்தில் அது இல்லை. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்தச் சொற்கள் காணப்படாததால், எராஸ்மு என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடுகளில் அவற்றைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புகளுக்குப் பிறகு 1522-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார். ஆரியுவோடு நடந்த நெடிய போராட்டத்தில் கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் யாரும் இதை எடுத்துக்காட்டாததற்கும் காரணம் அதுவே. கைபேசியில் நான்கு மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கும் வாலிபன் ஒருவன் முன்வரிசையில் இருப்பான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, மத்தேயு 28:19-க்கும், ஆராதனை முடிவில் ஆசீர்வாதமாக நாம் கேட்கும் 2 கொரிந்தியர் 13:14-க்கும் போங்கள்.

"இது புரியாது, விசுவாசித்தால் போதும்"

இந்த வாக்கியத்தை முதல் ஐந்து நிமிடங்களுக்குள் சொல்வதானால் மேடை ஏறவே வேண்டாம்.

கான்ஸ்டன்டைன் உண்டாக்கினார் என்பதற்குத் தலையாட்டுவது

திரித்துவம், கான்ஸ்டன்டைன் என்ற ரோமப் பேரரசர் 325-இல் வாக்கெடுப்பு நடத்தி உண்டாக்கிய உபதேசம் என்று யாராவது சொன்னால், சரித்திரம் தெரியாத நம்மவர்கள் மௌனமாகிவிடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதியது ஏறத்தாழ 112-இல். நிசேயாவுக்கு இரு நூறு ஆண்டுகளுக்கும் முன்பு. நிசேயாவுக்குப் பின்பும் அரசாங்கம் அந்த அறிக்கையின் பக்கம் உறுதியாக நின்றதில்லை. கான்ஸ்டன்டைனே 337-இல் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது, ஆரியுவுக்கு ஆதரவாக நின்ற நிக்கொமேதியா எயுசேபியுவின் கையால்தான். அவருடைய மகன் கான்ஸ்டான்சியு ஆரிய சார்பினரையே ஆதரித்தார். நிசேயாவைக் கைவிட மறுத்த அத்தனாசியார் நான்கு பேரரசர்களின் காலத்தில் ஐந்து முறை தம் ஆயர் பீடத்திலிருந்து துரத்தப்பட்டார். அவரை முதன்முதலில் நாடுகடத்தியவர் கான்ஸ்டன்டைன்.