உதட்டைக் கடைசியில் வரையுங்கள்

உருவப்படத்தில் உணர்ச்சியைக் கொண்டுவர முனைபவர்கள் பெரும்பாலும் உதட்டில்தான் முதலில் கை வைக்கிறார்கள். முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் ஆச்சி ஒருவரை வரைந்தபோது நானும் அதையே செய்தேன், சோகம் தெரியட்டும் என்று உதட்டோரங்களைக் கீழே இழுத்துவிட்டிருந்த படத்தைப் பார்த்து, "ஏய்யா, எனக்கென்ன பல்லா வலிக்கு?" என்று அவர் கேட்டுவிட்டார்.

ஆகவே முதல் அரை மணி நேரம் தூரிகையைத் தொடாதீர்கள். அவரை அவர் வேலையைச் செய்யவிட்டு, மடியில் சொளகை வைத்து இலையைச் சுருட்டும்போது கழுத்து எவ்வளவு தாழ்கிறது, எந்தத் தோள் ஏறி நிற்கிறது, கட்டைவிரல் எங்கே அழுந்துகிறது என்பதையெல்லாம் கரித்துண்டால் ஐந்தாறு சிறு கோட்டோவியங்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1890-இல் டச்சு ஓவியர் வான்கோ தீட்டிய மருத்துவர் காஷேயின் படத்தில் துயரத்தின் பெரும்பங்கைச் சுமப்பது கைமேல் சாய்ந்த தலையும் மேசைப் பக்கம் சரிந்த உடலுமே. திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள நாயக்கர் காலச் சிற்பங்களின் தோள்களையும் விரல்களையும் ஒருமுறை வரைந்து பழகலாம்.

அடுத்தது கண், இதில் அவசரம் கூடாது. முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் துஷேன், மனம் மகிழாமல் கண்ணைச் சுற்றியுள்ள தசை சிரிப்பில் சேர்ந்துகொள்வதில்லை என்று 1862-இல் எழுதினார். வாய் மட்டும் சிரிக்கும் படம் புகைப்பட நிலையச் சிரிப்பாக நின்றுவிடுவது இதனால்தான். கீழிமையின் மெல்லிய புடைப்பையும் கடைக்கண் சுருக்கத்தையும் கவனியுங்கள். துயரத்திலோ புருவங்களின் உள்முனைகள் சற்று மேலேறும். இரு கண்களையும் ஒன்றுபோல வரைந்துவிடாதீர்கள்: முகத்தின் ஒரு பாதியைத் தாளால் மறைத்துப் பார்த்தால், ஆச்சியின் வலக்கண் நம்மோடு பேசிக்கொண்டிருக்க, இடக்கண் வேறெங்கோ இருந்தது தெரிந்தது.

ஒளிக்கு வாசல் நடையே போதும். நம் ஊர் மாநிறத்துக்கு நிழல் போடக் கறுப்பைக் கலந்தால் முகம் செத்துப்போகும். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்போடு அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்துக்கொண்டு, வெளிச்சப் பக்கத்தில் எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளையும் சிறிது சிவப்பையும் வையுங்கள். அயர்ச்சிக்குக் கண்ணடியில் துளிப் பச்சை.

எல்லாம் முடிந்த பிறகு வாய்க்கு வாருங்கள். உதடுகள் சேரும் கோட்டை ஒரே அழுத்தத்தில் இழுக்காமல், ஓரங்களில் மட்டும் அழுத்தி, நடுவில் ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள்.