புயலில் சேதமான வீடு: செலவுக் கணக்கை நாமே போடுவது எப்படி?

மெயின் சுவிட்ச் அணைத்தாகிவிட்டது, கூரை மேல் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: துடைப்பத்தை எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். அதன் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம் கட்டாயம் வேண்டும். கூரை வழியாக வந்த தண்ணீரா, தரையிலிருந்து ஏறியதா என்பதைப் பொறுத்து காப்பீட்டுத் தொகை மாறலாம். சில பாலிசிகளில் வெள்ளச் சேதம் சேராது. தார்ப்பாய் வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

படி 2: ஒரு நோட்டில் மூன்று தலைப்பு போடுங்கள்: அகற்றுவது, உலர்த்துவது, பழுது பார்ப்பது. (இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. ஈரக் கையோடு போனைத் தடவுவதைவிட நோட்டும் பென்சிலுமே மேல்.) பலரும் மூன்றாவதை மட்டும் எழுதுவார்கள். ஊறிப்போன மெத்தையை நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கும். ஆள் கூலி, வண்டி வாடகை எல்லாம் முதல் தலைப்பில் வரும்.

படி 3: பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். பணம் வீணாவது இங்கேதான். செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். அதனால் கோட்டுக்கு மேலேயும் ஈரம் இருக்கும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் தெரியும். சுமார் 45 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தாளை சுவரில் வைத்து நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. மேலே என்ன பெயின்ட் அடித்தாலும் கொப்புளித்து உரியும், அப்புறம் அதே வேலைக்கு இரண்டாம் முறை கூலி. மரச்சட்டங்களுக்கு ஈரமானி வாங்கலாம். ஊசி வைத்த வகைதான் என் தேர்வு.

படி 4: கொட்டேஷன் கேட்கும்போது "மொத்தமா இவ்வளவு ஆகும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சதுர அடிக் கணக்கில், பொருள் தனி, கூலி தனி என்று எழுதி வாங்குங்கள். அப்போதுதான் இரண்டு பேர் சொல்லும் விலையை ஒப்பிட முடியும். பூச்சை உடைத்த பிறகுதான் தெரியவரும் சேதத்துக்கென்று 10 முதல் 20 சதவீதம் தனியாக ஒதுக்குங்கள்.

பின்சேர்க்கை: பூஞ்சை பிடித்த சுவருக்கு ஃபேன் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், வித்துகள் வீடு முழுக்கப் பரவும். முதலில் பூஞ்சையைச் சுத்தம் செய்யுங்கள். பிளீச் பயன்படுத்தினால் அம்மோனியா உள்ள கிளீனரையோ அமிலத்தையோ அதோடு கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.