காட்டுப்பாதையில் சைக்கிள்: விலங்கோடு மோதவைக்கும் தவறுகள்

காட்டுவழியில் சைக்கிளில் போகிறவர்கள், விலங்கு துரத்துமோ என்றுதான் பயப்படுகிறார்கள். நாமே அதன் மேல் போய் மோதலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. 2016 ஜூனில் அமெரிக்காவின் மொன்டானாவில், மறைவான வளைவில் வேகமாகத் திரும்பிய ஒருவர் கிரிஸ்லி கரடி மீது மோதினார். கரடி தாக்கியதில் அவர் இறந்துபோனார். கரடியைக் கண்டதற்கும் மோதியதற்கும் நடுவே ஒன்றிரண்டு வினாடிகளே இருந்திருக்கும் என்றது விசாரணைக் குழு.

ஆகவே முதல் தவறு, எதிரே என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்தில் வேகம். மணிக்கு 30 கி.மீ. என்றால் வினாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அந்த எட்டு மீட்டர் போய்விடும். வண்டி நிற்க இன்னும் ஏழெட்டு மீட்டர் வேண்டும், சரளை மண்ணில் அதற்கும் மேல். வேகத்தைப் பாதியாக்கினால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் கால்வாசியாகிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போனபிறகு அல்ல.

அடுத்தது, சத்தமே இல்லாமல் போவது. சைக்கிளின் அமைதி நமக்கு இனிமைதான், ஆனால் விலங்குக்கு அது முன்னறிவிப்பே இல்லாத வரவு. நீரோடை இரைச்சலிலும் எதிர்காற்றிலும் நிலைமை இன்னும் மோசம். கரடி நடமாடும் இடங்களில் சின்ன மணியை நம்பாமல், வளைவுக்கு வளைவு உரக்கக் குரல் கொடுங்கள். ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

ஒரு மான் கடந்துபோனதும் பெடலை மிதிப்பதும் தவறு. பின்னால் இன்னொன்று வரலாம். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போகாதீர்கள். 2011இல் தென்னாப்பிரிக்காவில் பந்தயத்தில் போன ஒருவரை ஹார்ட்டிபீஸ்ட் என்ற பெரிய மறிமான் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்து தள்ளிய வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். விடியலும் அந்தியும் இன்னும் கவனம் தேவைப்படும் நேரங்கள்.

சரி, விலங்கு எதிரே நிற்கிறது. ஓரமாக நுழைந்து போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். கரடி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடும், மிதித்துத் தப்புவதெல்லாம் நடக்காது. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் விலங்குக்கும் நடுவில் பிடித்தபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். கரடி ஸ்பிரே (கரடியை விரட்டப் பீய்ச்சும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) இருந்தால் அது இடுப்பில் இருக்கட்டும், சைக்கிளில் மாட்டாதீர்கள்; விழுந்தால் சைக்கிள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

மோதிவிட்டால், அடிபட்ட விலங்கின் அருகே போகாமல் தள்ளி நின்று வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள்.