‘புட் ஆஃப்’ எங்கெல்லாம் வரும்?

கூட்டம் தள்ளிப்போனால் ஆபீஸ் மெயிலில் ‘போஸ்ட்போன்’ சட்டென்று கைக்கு வரும். பேச்சில் ‘புட் ஆஃப்’ இன்னும் இயல்பு: ‘தி மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் மண்டே’. அடியோடு ரத்து என்றால் அது ‘கால் ஆஃப்’. இரண்டையும் மாற்றிச் சொன்னீர்களோ, திங்கட்கிழமை ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பலரும் தடுக்கி விழுவது இலக்கணத்தில்தான். பின்னால் வினைச்சொல் வந்தால் ‘இங்’ சேர்க்க வேண்டும்: ‘ஐ கெப்ட் புட்டிங் ஆஃப் கோயிங் டு தி டென்டிஸ்ட்’. இங்கே ‘டு கோ’ தப்பு. ‘இட்’, ‘தெம்’ போன்றவை நடுவில் மட்டுமே உட்காரும்: ‘டோன்ட் புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ ஆகவே ஆகாது.

இன்னொரு பொருள், பிடிக்காமல் போகச் செய்வது. ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப் மை லஞ்ச்’ என்றால், அந்த நாற்றத்தில் சாப்பாடே இறங்கவில்லை. கேரம் ஆடும்போது பக்கத்தில் நின்று தொணதொணப்பவரிடம் ‘யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்’ என்றால், கவனத்தைக் கலைக்கிறாய் என்று அர்த்தம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இது அதிகம்.

லைட்டை ‘புட் ஆஃப்’ பண்ணுவது நம்மூரில் சகஜம். வெளிநாட்டாரிடம் பேசும்போது ‘டர்ன் ஆஃப்’ நல்லது.