கடலோரத் திடலில் தோட்டத்து ஆட்டம் செல்லாது

செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்கு நடுவே காற்று நுழையாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஆயர் தாவாரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு ஓலை நுனிகூட அசையாது. எங்கள் ஆட்களில் பலர் கோல்ஃப் பழகியது அப்படிப்பட்ட இடத்தில்தான். துரைமார் காலத்தில் அவர்களுடைய மனமகிழ் மன்றத்தை ஒட்டிப் போட்ட ஒன்பது குழித் திடல் அது. தாத்தா அங்கே புல் வெட்டினார், அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து பை தூக்கினார், நான் பந்தை அடிக்கிறேன். மூன்று தலைமுறையும் பார்த்தது ஒரே ஆட்டம்தான். நாலு பக்கமும் மரம், அசையாத வெக்கை, அகல இலைக் கவ் கிராஸ் புல்.

அங்கிருந்து கடலோர ஊரான லுமுட் பக்கம் போனால் கடலோரத் திடல் வந்துவிடும். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. போன் போட்டு நேரம் பிடித்து, பணத்தைக் கட்டினால் யாரும் ஆடலாம். கேடி (பை தூக்கும் உதவியாள்) வேண்டுமா, பக்கி (திடலில் ஓட்டும் சின்ன வண்டி) வேண்டுமா, வாடகைக்குக் கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) வேண்டுமா என்று அவர்களே கேட்பார்கள். உள்ளே நுழைவது இவ்வளவு சுலபமாக இருப்பதால் ஆட்டமும் சுலபம் என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். மரமே இல்லாத அகலமான ஃபேர்வே (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி), எதிரே நீலக் கடல். முதல் குழியில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் நிற்பார்கள். பல வருஷமாக ஆட்களைக் கூட்டிப்போய்வந்ததில் நான் பார்த்த தவறுகளில் பாதி நானே செய்தவை.

முதல் தவறு வீட்டில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது, நேரம் பிடிப்பதில். மத்தியானக் கட்டணம் குறைவு என்று பார்த்துவிட்டு இரண்டு மணிக்குப் போட்டுவிடுகிறார்கள். வெயில் ஏற ஏற நிலம் சூடாகும், நிலத்தின் மேலிருக்கும் காற்று மேலே எழும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். காலை ஏழரைக்கு இலை அசையாமல் இருந்த திடலில் பத்து, பதினொரு மணிக்குக் கொடித்துணி படபடக்க ஆரம்பிக்கும். மத்தியானம் அது இன்னும் பலமாகும், போதாததற்கு இடியும் சேரும். காசு மிச்சம் என்று போனவர் ஐந்து குழி ஆடிவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பார்.

சரி, காலையிலேயே போகிறீர்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் ஒன்பது குழியைக் காற்றில்லாமல் ஆடுவீர்கள். உங்கள் 7ஆம் எண் அயர்ன் (இரும்புத் தலைக் கிளப், எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும்) வழக்கம்போல் போகும். பத்தாவது குழியில் அதே கிளப், அதே அடி, பந்து இருபது மீட்டர் குறைந்து விழும். "என்னமோ கை போச்சு" என்று புலம்புவார்கள். கை எங்கேயும் போகவில்லை, காற்று வந்திருக்கிறது. ஒன்பது முடிந்து பசியாற உட்காரும்போது கொடியை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்தால் போதும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்குக் கரையில் விடிகாலையில் சுமத்ரா புயல்காற்று அடித்துவிட்டுப் போவதும் உண்டு. அதுவும் பெரும்பாலும் காலைக்குள் ஓய்ந்துவிடும். கிழக்குக் கரைத் திடல்களுக்குப் போகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும்.

இனி பெரிய தவறுக்கு வருவோம். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்கக் கூடாது என்று என் ஃபிளைட்டில் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். (நாலு பேர் சேர்ந்து ஆடுவதை எங்கள் ஊரில் ஃபிளைட் என்போம். விமானத்தோடு சம்பந்தமில்லை.)

போன முறை என் அக்கா மகன் வந்திருந்தான். நல்ல தோள், நல்ல உயரம். கடலைப் பார்த்த ஒரு பார்-3 குழி, அதாவது மூன்று முறை அடித்து முடிக்க வேண்டியது, 140 மீட்டர். காற்று நேர் முகத்தில் அடித்தது.

"எத்தனை எடுக்கட்டும் மாமா?"

"அஞ்சு எடு. பாதி பலத்துல அடி."

"ஏழே போதும் மாமா. கொஞ்சம் சேர்த்து இழுத்துடுறேன்."

இழுத்தான். பந்து கிளம்பியது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏறியது, இன்னும் ஏறியது, உச்சியில் போய் நின்றது. நிஜமாகவே நின்ற மாதிரிதான் தெரிந்தது. அப்புறம் நேர் கீழே விழுந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) முன்னால் இருந்த சதுப்புக்குள் போனது. கேடிப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

காரணம் இதுதான். பலமாக அடித்தால் பந்து பின்பக்கமாகச் சுழல்வதும் அதிகமாகும். அந்தச் சுழற்சிதான் பந்தை மேலே தூக்குகிறது. எதிர்க்காற்றில் அது இன்னும் கூடுதலாக வேலை செய்யும். பந்து உயரமாகப் போகும், தூரம் போகாது. எதிர்க்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் இருந்தால் ஏறத்தாழ ஒரு கிளப் கூட்ட வேண்டும், அதாவது 7க்குப் பதில் 6. காற்று அதைவிட வலுத்தால் இரண்டு. கிளப்பைக் கூட்டிவிட்டு வீச்சைக் குறைக்க வேண்டும். பந்தைக் காலுக்கு நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் வைத்து, கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோகாமல் முடித்தால் பந்து தாழ்வாகப் போகும். பின்காற்று வேறு கதை. முதுகில் அடிக்கிற காற்று கொடுக்கும் தூரம், முகத்தில் அடிக்கிற காற்று பறிக்கும் தூரத்தில் ஏறக்குறையப் பாதிதான். ஒரு குழியில் இழந்ததைத் திரும்பி வரும் குழியில் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர் ஏமாந்துபோவார்.

தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கம்பின் நுனியில் அரிவாள், தலைக்கு மேல் எங்கோ உயரத்தில் குலை. புதிதாக வந்தவன் மூச்சுப் பிடித்து இழுப்பான், மட்டை பாதியில் சிக்கிக்கொள்ளும். இருபது வருஷம் வெட்டினவர் அரிவாளைச் சரியான இடத்தில் மாட்டிவிட்டு, கம்பின் கனத்திலேயே ஒரு சுண்டு சுண்டுவார். என் அப்பா எனக்குக் காற்றில் அடிக்கச் சொல்லித் தந்தது இந்த உவமையை வைத்துத்தான். அக்கா மகன் குலை வெட்டுவதைப் பார்த்ததில்லை, ஈப்போவில் வளர்ந்தவன்.

தூரத்தைப் பற்றியே இன்னொன்று. மலேசியாவில் பல திடல்களில் தூரக் குறிகள் மீட்டரில் இருக்கும், சிலவற்றில் கெஜத்தில் இருக்கும். கையில் கொண்டுவருகிற தூரம் பார்க்கும் கருவி கெஜத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். 150 மீட்டர் என்றால் 164 கெஜம். இதைக் கலந்துவிட்டால் ஒரு கிளப், சில சமயம் ஒன்றரைக் கிளப் தவறிப்போகும். தொடங்குவதற்கு முன் மதிப்பெண் அட்டையைப் பார்த்து, கருவியை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். குழி கிரீனின் முன்பக்கமா பின்பக்கமா என்று காட்டும் கொடியின் நிறமும் இடத்துக்கு இடம் மாறும், கேடியிடம் கேட்டுவிடுவது நல்லது.

எந்த டீயில் (முதல் அடி அடிக்கும் இடம், தூரத்துக்கு ஒரு நிறம்) நிற்பது என்பதில் வீம்பு வேண்டாம். நண்பர்கள் நீலத்தில் நிற்கிறார்கள் என்று நீங்களும் நிற்க வேண்டாம். டிரைவரில் (முதல் அடிக்கான நீளக் கிளப்) 200 கெஜம் அடிக்கிறவருக்கு மொத்தம் 5,200 முதல் 5,400 கெஜம் வரையிலான திடல் பொருத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடலோரத்தில் காற்றும் சேரும், அதற்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

அடுத்தது புல். தோட்டத்துக் கவ் கிராஸில் பந்து புல்லுக்குள் உட்கார்ந்துகொள்ளும், நாம் இறக்கி வெட்டிப் பழகியிருக்கிறோம். கடலோரத்தில் மணல் கலந்த தரை. பல இடங்களில் உப்பைத் தாங்கும் சீஷோர் பாஸ்பலம் புல்லோ பெர்முடாவோ போட்டிருப்பார்கள். தரை இறுகியிருக்கும், பந்து புல்லுக்கு மேலேயே நிற்கும். அங்கே பழைய பழக்கத்தில் இறக்கி வெட்டினால் கிளப்பின் அடிப்பாகம் தரையில் மோதித் துள்ளி, பந்தின் நடு மண்டையில் அடிக்கும். பந்து கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். கிரீனிலோ புல் சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் இடத்திலிருந்து குழியை நோக்கிப் பார்க்கும்போது புல் பளபளத்தால் அது உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாக, கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்த்துச் சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் கூடத் தட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். எந்தப் பக்கம் விளிம்பு பிய்ந்து காய்ந்திருக்கிறதோ, புல் அந்தப் பக்கமாக வளர்கிறது.

கிரீனில் காற்றே பந்தை உருட்டிவிடுவதும் உண்டு. இதில் ஃபிளைட்டுக்குள் சண்டையே வந்திருக்கிறது. நீங்கள் பந்தைக் குறி வைத்து எடுத்துத் திரும்ப வைத்த பிறகு காற்று தள்ளினால், பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இன்னும் எடுக்கவேயில்லை, அதற்குள் காற்று தள்ளிவிட்டது என்றால், நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும், அது குழிக்குப் பக்கமாக வந்திருந்தாலும் சரி. இரண்டுக்கும் தண்டனை இல்லை.

விதிகளைப் பொறுத்தவரை நம் ஆட்கள் பலர் இன்னும் 2019க்கு முந்தைய காலத்தில் இருக்கிறார்கள். அந்த வருஷம் விதிகள் நிறைய மாறின. பந்தைத் தேட ஐந்து நிமிஷம் இருந்ததை மூன்றாகக் குறைத்தார்கள். தோள் உயரத்திலிருந்து போட்ட பந்தை இப்போது முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும். சதுப்பும் கடற்கரையும் பெரும்பாலும் சிவப்புக் கட்டை நட்ட பகுதியாக இருக்கும். அங்கே பந்து போனால் தண்டனையாக ஓர் அடியை எண்ணிக்கையில் கூட்டிக்கொண்டு, பந்து கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் போட்டு ஆடலாம். கட்டை வெள்ளை என்றால் அது வெளி எல்லை. தண்டனையோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அந்த மாதிரிக் குழியில் சந்தேகம் வந்த உடனே "இது தற்காலிகப் பந்து" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்துவிட்டு நடங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும்.

கடற்கரை மணலைப் பங்கர் (திடலில் தடையாக வெட்டிவைத்த மணல் குழி) என்று நினைப்பது இன்னொரு தவறு. பங்கரில் பந்துக்கு முன்னும் பின்னும் உள்ள மணலைக் கிளப்பால் தொடக் கூடாது. சிவப்புக் கட்டைக்குள் இருக்கும் கடற்கரையில் அந்தத் தடை இல்லை, தாராளமாகக் கிளப்பை ஊன்றலாம், பந்து கிடந்த இடத்திலேயே தண்டனையில்லாமல் அடிக்கலாம். ஆனால் அலையையும் சேற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் வற்றும் நேரத்தில் பந்து தெளிவாகத் தெரியும், காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். பங்கரைப் பார்த்தே பயந்து பழகியவர்களுக்கு ஒரு செய்தி: லங்காவியில் எர்னி எல்ஸ் வடிவமைத்த தெலுக் டத்தாய் திடலில் ஒரு பங்கர்கூடக் கிடையாது. காடும் ஓடையும் கடலும் அங்கே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

குரங்கு விஷயம் சிரிப்பாகத் தோன்றும், நடக்கும்வரை. கிரீனில் நாலு பேரும் குனிந்திருக்கும்போது பக்கியிலிருந்து வாழைப்பழம், நாசி லெமாக் பொட்டலம், ஒரு முறை என் கண்ணாடிக் கூடு, எல்லாம் போயிருக்கின்றன. தின்பண்டத்தை ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள். குரங்கு பந்தையே தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்த வேண்டாம். அது கிடந்த இடத்தில் இன்னொரு பந்தை வைத்து ஆடலாம், தண்டனை கிடையாது. உடும்பு தன் பாட்டுக்குப் போகும், விட்டுவிடுங்கள்.

உடை, ஒழுங்கு பற்றி நீட்ட வேண்டியதில்லை. காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் கூடாது, காலணியில் இரும்பு முள் கூடாது. மழை பெய்த மறுநாள் பக்கியைப் பாதையை விட்டு இறக்க வேண்டாம் என்று சொன்னால் இறக்க வேண்டாம். பின்னால் வருகிறவர் காத்திருக்கிறாரா என்று பார்ப்பதைவிட, முன்னால் போன ஃபிளைட்டோடு ஒட்டியிருக்கிறோமா என்று பார்ப்பதுதான் சரியான அளவு.

சைரனை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நீண்ட சைரன் என்றால் உடனே நிறுத்த வேண்டும். "இந்த ஒரு தட்டு மட்டும்" என்பது கிடையாது. மரமில்லாத வெட்டவெளியில், கையில் இரும்புத் தடியோடு நிற்கிற ஆள் நீங்கள்தான். இரண்டு குறுகிய சைரன் வந்தால் திரும்ப ஆரம்பிக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் காரில் பையைப் போட்டு, நேராகக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவது எங்கள் பழக்கம். தோட்டத்துத் திடலுக்கு அது சரி. கடல் காற்றில் வந்த உப்பு கிளப்பின் முகத்திலும் தண்டிலும் ஒட்டியிருக்கும். முலாம் பூசாத வெட்ஜ்களில் (கிட்ட இருந்து பந்தை உயர்த்தி அடிக்கும் கிளப்) மறுநாளே துரு தெரியும். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, பையைத் திறந்து நிழலில் காயவைக்க வேண்டும். கையுறையையும் கழற்றி விரித்துப் போடுங்கள், வேர்வையும் உப்பும் சேர்ந்தால் அது அட்டை மாதிரி விறைத்துவிடும். அக்கா மகன் போன முறை அதையும் செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்துப் படம் அனுப்பினான், அந்த ஏழாம் எண் அயர்னின் தண்டில் பழுப்புப் புள்ளிகள். கீழே ஒரு வரி: "மாமா, இது போகுமா?"

சமையல் சோடாவும் பழைய பல்விளக்கும் தூரிகையும் எடுத்துக்கொள் என்று எழுதினேன்.