அரை நெல்லுல ஜீன் சுவிட்ச் போட்டுப் பாக்குறது எப்படி

டெல்டாவுல குறுவை அறுக்குற நேரத்துல மழை பிடிச்சுக்கிட்டா சாஞ்ச கதிர்லயே நெல்லு வெள்ளை வெள்ளையா முளை விட்டுடும், அதைக் கையில எடுத்துப் பாத்தவங்களுக்குத்தான் அந்த வயித்தெரிச்சல் தெரியும். தண்ணி பட்டதால மட்டும் அப்படி ஆகல, இன்னும் கொஞ்ச நாள் மூடியிருக்க வேண்டிய ஜீன்கள் முன்னாடியே தொறந்துக்கிச்சு. இதைப் பாடமா படிச்சா பசங்க மனசுல நிக்கவே மாட்டேங்குது, ஆனா ஒரு பிடி விதை நெல்லை வச்சு நாலு நாள்ல வீட்லயே கண்ணால பாத்துடலாம், நான் பிளஸ் டூ பசங்களோட செய்யுற முறையை அப்படியே சொல்றேன்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம். பால் பிடிக்கிறதுல இருந்து முத்துற வரைக்கும் நெல்லுக்குள்ள மாவும் குளூட்டலின் புரதமும் சேர்க்குற ஜீன்கள்தான் மும்முரமா ஓடும். அப்புறம் ஆப்சிசிக் ஆசிட்ங்குற ஹார்மோன் "இப்ப முளைக்காத, காய்ஞ்சு போ"ன்னு சொல்லுது, காய்ஞ்சாலும் செல்லு சாகாம காப்பாத்துற லியா புரதங்களோட ஜீன்கள் தொறக்குது. இந்தச் சொல்லைக் கேட்டு நடத்தி வைக்கிறது விபி1ங்குற ஒரு புரதம். மக்காச்சோளத்துல இந்த ஜீன் கெட்டுப்போன செடியில கதிர்ல இருக்கும்போதே மணி முளைச்சுடும், நம்ம நெல்லுலயும் இதே ஜீன் இருக்கு.

விதை ஊறினதும் கதை மாறுது. கரு ஜிபரெல்லின்ங்குற இன்னொரு ஹார்மோனை அனுப்பும், அது தவிட்டுல இருக்குற அலூரோன் அடுக்குக்குப் போகும். அங்க எஸ்எல்ஆர்1னு ஒரு டெல்லா புரதம் பூட்டு மாதிரி உக்காந்திருக்கும். ஜிபரெல்லினைப் பிடிக்கிற ஜிஐடி1ங்குற புரதம் (இதை 2005ல ஜப்பான்காரங்க நெல்லுலதான் கண்டுபிடிச்சாங்க) அந்தப் பூட்டைச் செல்லோட குப்பை மெஷினுக்கு அனுப்பி அரைச்சுடும், பூட்டு போனதும் காமிப்ங்குற புரதம் உருவாகி ஆல்ஃபா அமைலேஸ் ஜீனை ஆன் பண்ணும், அந்த என்சைம் மாவை சர்க்கரையா உடைச்சு குருத்துக்குச் சாப்பாடு போடும்.

சரி, செய்முறை. கரு இல்லாத பாதி நெல்லுக்கு நாமளே ஜிபரெல்லின் குடுத்தா அமைலேஸ் வருதான்னு பாக்கப் போறோம். வீட்ல எடுத்து வச்ச, மருந்து போடாத விதை நெல்லு 40 எடுங்க. கடை அரிசி வேணாம், புழுங்கல்னா உயிரே இல்ல, பச்சரிசின்னா தீட்டும்போதே தவிடு போயிடும், தவிடு போச்சுன்னா நாம பாக்க வந்த செல்லே போச்சு. உமியை நகத்தாலயே உரிங்க. ஒரு நுனியில சின்னதா வெள்ளையா குழி விழுந்த மாதிரி இருக்கும் பாருங்க, அதான் கரு. புது பிளேடால குறுக்க நடுவுல வெட்டி, கரு உள்ள பாதி தனி, இல்லாத பாதி தனின்னு பிரிச்சு வைங்க.

அடுத்தது ரொம்ப முக்கியம். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு நாலு பங்கு தண்ணி கலந்து 15 நிமிஷம் ஊறவிட்டு, கொதிக்க வச்சு ஆறின தண்ணியில அஞ்சாறு தடவை அலசிடுங்க. பூஞ்சையும் பாக்டீரியாவும்கூட அமைலேஸ் விடும், மொத தடவை நான் இதைச் செய்யாம விட்டு எல்லா டப்பாவுலயும் அமைலேஸ் இருக்குன்னு காட்டுற வெளிறின வட்டம் வந்து மூணு நாள் வேலை வீணாப் போச்சு.

உரக்கடையில 0.001 சதவீத ஜிபரெல்லிக் ஆசிட் திரவம் கிடைக்கும், 1 மில்லிக்கு 9 மில்லி தண்ணி சேருங்க. ஆர்ஓ தண்ணி வேணாம், அமைலேஸுக்குக் கால்சியம் வேணும், குழாத் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்தினாலே போதும். இப்ப நாலு கிண்ணம்: கரு உள்ள பாதி வெறும் தண்ணியில, கரு இல்லாத பாதி வெறும் தண்ணியில, கரு இல்லாத பாதி ஜிபரெல்லின்ல, நாலாவதுல கரு இல்லாத பாதியை 10 நிமிஷம் வேகவச்சு அப்புறம் ஜிபரெல்லின்ல. ஒரு நாள் முழுக்க ஊறட்டும்.

அதுக்குள்ள 200 மில்லி தண்ணியில 3 கிராம் சைனா கிராஸ், 1 கிராம் கார்ன் ஃபிளார் போட்டு நல்லா கரையுற வரைக்கும் கொதிக்க வச்சு, மூடி உள்ள நாலு சின்ன டப்பாவுல ஊத்தி உறைய விடுங்க. ஊறின பாதிகளை வெட்டின பக்கம் கீழ இருக்குற மாதிரி இடைவெளி விட்டு வச்சு மூடி ரெண்டு நாள் வெதுவெதுப்பான இடத்துல வச்சிடுங்க. அப்புறம் நெல்லை எடுத்துட்டு, டீ கலர்ல நீர்த்த டிஞ்சர் அயோடினை மேல ஊத்தி ரெண்டு நிமிஷத்துல வடிச்சுடுங்க. மாவு இருக்குற இடம் கருநீலமா மாறும், அமைலேஸ் வேலை செஞ்ச இடம் மட்டும் வெளிறிப்போய் வட்டமா நிக்கும். கலர் சீக்கிரம் மங்கும், உடனே போட்டோ எடுத்துடுங்க.

கரு உள்ள பாதியில வட்டம் வரும். கரு இல்லாம வெறும் தண்ணியில ஊறினதுல ஒண்ணும் இருக்காது, இருந்தாலும் லேசா ஒரு கோடுதான். மூணாவது டப்பாவைத்தான் பசங்க தலையை முட்டிக்கிட்டு எட்டிப் பாப்பாங்க, கருவே இல்ல, ஆனா பெரிய வட்டம்! கருவோட வேலையை ஒரு சொட்டு ஹார்மோன் செஞ்சு காட்டிடுச்சு. வேகவச்சதுல வட்டம் இல்லைன்னா என்சைம் அந்தத் திரவத்துல இருந்து வரல, உயிரோட இருந்த நெல்லுல இருந்துதான் வந்துச்சுன்னு அர்த்தம். கருவோட வேலையை ஜிபரெல்லின் செய்யும்ங்குறதை 1960ல பார்லியில ஆஸ்திரேலியாவுல பேலெக்கும் ஜப்பான்ல யோமோவும் தனித்தனியா காட்டினாங்க.

புதுசா அறுத்த நெல்லும் போன வருஷத்து நெல்லும் கிடைச்சா ரெண்டுலயும் நூறு நூறு முளைக்கப் போட்டு எண்ணுங்க. பல ரகங்கள்ல புதுசு கம்மியாத்தான் முளைக்கும், அதான் விதை உறக்கம். அந்தப் புது நெல்லுலயே வேற நூறை எடுத்து 50 டிகிரி உலர் சூட்டுல நாலஞ்சு நாள் வச்சுட்டு முளைக்கப் போட்டு எண்ணிப் பாருங்க.

சின்னப் பசங்க இருந்தா இதெல்லாம் வேணாம், முளைகட்டி காயவச்சு அரைச்ச கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் எடுத்து, கெட்டியா காய்ச்சி கை பொறுக்குற சூட்டுக்கு ஆறின கஞ்சியில கலக்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல கஞ்சி தண்ணியா இளகிடும், அதுவும் இதே அமைலேஸ்தான். கொதிக்கிற கஞ்சியில மட்டும் போடாதீங்க, என்சைம் செத்துடும்.