புயல் காலத்துக்கு முன் மாற்று சர்வரைச் சோதித்துப் பாருங்கள்

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலை மறவாத இப்பகுதி நிறுவனங்கள், முதன்மை சர்வர் தரவின் நகலைத் தாங்கும் மாற்று சர்வரைப் பக்கத்துக் கிளையில் வைக்காமல், கடற்கரையை விட்டு விலகிய கோவை போன்ற ஊரில் வைப்பதே பொருத்தம். அத்தொலைவில், இரு இடத்திலும் பதிவான பின்பே அடுத்த வேலைக்குச் செல்லும் ஒத்திசைவு நகலாக்கம் பில் போடும் மென்பொருளை மந்தமாக்கிவிடும் என்பதால், சற்றுப் பின்தங்கி வரும் ஒத்திசைவற்ற முறையே போதும். கடைசிச் சில பதிவுகள் தொலையக்கூடும் என்பதைக் கணக்குப் பிரிவினரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதன்மை சர்வர் நின்றால் மாற்று சர்வருக்குத் தானாக மாறும் வசதியில் ஒரு சிக்கல் உண்டு. இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால், இரண்டு சர்வர்களும் தம்மையே முதன்மை எனக் கருதி எழுதத் தொடங்கிவிடும் என்பதால், எது இயங்க வேண்டும் எனத் தீர்மானிக்க மூன்றாம் இடத்தில் ஒரு சாட்சி சர்வர் தேவை. கணினிகள் மாற்று சர்வரின் முகவரிக்கு விரைவில் மாற, டிஎன்எஸ் (சர்வர் பெயரை அதன் முகவரியாக மாற்றித் தரும் சேவை) டிடிஎல் மதிப்பை, அதாவது அந்த முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடியாகக் குறைத்து வையுங்கள்.

நகல் இருக்கிறதே என்று தினசரி பேக்கப்பை நிறுத்துவது பெரும் பிழை. தவறுதலாக அழித்த தரவு அட்டவணை நகலிலும் அழிந்துவிடும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்மை சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, மாற்று சர்வரில் பில் போட முடிகிறதா என்றும், பின்னர்ப் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா என்றும் பாருங்கள்.